வெற்றிலை காய்கறியா?

"வெற்றிலை காய்கறியா?"

இப்படி யாராவது கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். "வெற்றிலையில் கூட்டு வைப்பார்களா, குழம்பு வைப்பார்களா?" என்று பாட்டி திருப்பிக் கேட்பாள்.

ஆனால் இந்தக் கேள்வி டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். அகராதிப் பொருள் என்ன, வழக்கில் உள்ள பொருள் என்ன என்று வாதம் நடந்தது. 1961-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது.

கேள்வியைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனவர்கள் வேடிக்கைக்காகப் போகவில்லை. அவர்கள் வெற்றிலை வியாபாரிகள். விற்பனை வரி கட்டவேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு வந்தது. "இந்த வரி எங்களுக்கு உண்டா, இல்லையா?" என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் தெரியவேண்டுமானால், வெற்றிலை காய்கறியா என்பது தெரிந்தாகவேண்டும்!

அகோலா வியாபாரிகள்

அகோலா என்பது மராட்டிய மாநிலத்தில், விதர்ப்பப் பகுதியில் உள்ள ஊர். பருத்திக்குப் பெயர் போனது. சுதந்திரம் வந்த காலத்தில் அந்த ஊர் "மத்திய மாகாணம் - பேரார்" என்ற மாகாணத்தைச் சேர்ந்திருந்தது.

அந்த மாகாணத்தில் 1947-ம் ஆண்டில் விற்பனை வரிச் சட்டம் வந்தது. கடைகளில் விற்கும் பொருள்களுக்கு வரி உண்டு என்று அது சொன்னது. ஆனால் சில பொருள்களுக்கு வரி இல்லை. அவற்றின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருந்தன.

அந்தப் பட்டியலில் 6-வது பெயர், காய்கறி. மூடி முத்திரை வைத்த டப்பாவில் விற்றால்தான் அதற்கு வரி. 36-வது பெயர், வெற்றிலை.

அடுத்த ஆண்டே, 1948-ல், சட்டம் திருத்தப்பட்டது. பட்டியலில் இருந்து வெற்றிலையின் பெயரை எடுத்துவிட்டார்கள். காய்கறியின் பெயர் அப்படியே இருந்தது.

பிறகு வெற்றிலைக் கடைக்காரர்களுக்கு வரி விதிக்கப்பட்டது. அதை எதிர்த்து அகோலா வியாபாரிகள் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்கள்.

"வெற்றிலை என்ற தனிப்பெயர் போனால் என்ன? காய்கறி என்ற பெயர் பட்டியலில் இருக்கிறதே! வெற்றிலையும் அதில் சேர்ந்ததுதான்" என்பது அவர்கள் வாதம்.

இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டியதில்லை. சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் உள்ள சொல் "வெஜிடபிள்". ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சமையலுக்கு ஆகும் காய்கறி என்பது ஒன்று. மரம், செடி, கொடி என்று மண்ணில் முளைக்கும் எல்லாம் என்பது இன்னொன்று. இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டால் வெற்றிலையும் "வெஜிடபிள்"தான்.

ஏன் இந்தப் பிடிவாதம்?

"ஏதோ கொஞ்சம் வரி. கட்டிவிட்டுப் போகக்கூடாதா? கோர்ட்டு, வக்கீல் என்று அலையவேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம்.

விற்பனை வரி எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

விற்பனை வரியைச் சர்க்காரிடம் கட்டுகிறவர் கடைக்காரர். ஆனால் அதன் சுமை பொருளை வாங்குகிறவருக்குப் போய்ச் சேரும். ஒரு பொருளுக்கு வரி உண்டு என்று முன்பே தெரிந்தால் கடைக்காரர் அதையும் சேர்த்து விலை சொல்வார். வாங்குகிறவரும் கொடுப்பார்.

வரி இல்லை என்று நினைத்துக் கடைக்காரர் விற்கிறார். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து, "வரி உண்டு. பழைய பாக்கி முழுவதையும் கட்டு" என்று நோட்டீஸ் வருகிறது. அப்போது அவர் யாரிடம் போய்க் கேட்பார்? வெற்றிலை வாங்கியவர் அன்றைக்கே மென்று துப்பிவிட்டுப் போய்விட்டாரே!

அந்தப் பணத்தைக் கடைக்காரர் தம் கைமுதலில் இருந்துதான் எடுக்கவேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு வரவு செலவுக் கணக்கு. சிறிய கடைக்கு அப்படி அல்ல. மறுநாள் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் போய்விடும். பள்ளிக்கூடச் சம்பளம் போய்விடும். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விடும்.

வெற்றிலை வியாபாரத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. சரக்கு வாடும், அழுகும். ஒரு கவுளி விற்றால் கிடைக்கும் லாபம் சில காசுதான். அந்தச் சில காசையும் பழைய வரி வந்து கொண்டு போனால் கடை எப்படி நடக்கும்?

தீர்ப்பு என்ன?

வெற்றிலை வியாபாரிகள் தோற்றுப் போனார்கள்!

நீதிபதிகள் இரண்டு காரணம் சொன்னார்கள்.

முதல் காரணம்: தினந்தோறும் மக்கள் பேசும் சொல் சட்டத்தில் வந்தால், மக்கள் கொள்ளும் பொருளைத்தான் அதற்குக் கொள்ளவேண்டும். சாஸ்திர நூலில் என்ன பொருள் என்று தேடவேண்டியதில்லை. காய்கறி என்றால் கொல்லையிலும் தோட்டத்திலும் பயிரிட்டு, சமைத்துச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்துவது. வெற்றிலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம்: வெற்றிலை காய்கறியாக இருந்தால், முதல் பட்டியலில் அதற்குத் தனியாக ஓர் இடம் எதற்கு? இரண்டும் வேறு என்பதால்தான் தனித்தனியாக எழுதினார்கள். பிறகு வெற்றிலையை மட்டும் எடுத்தார்கள். அதற்கு வரி போடவேண்டும் என்பதுதான் சட்டசபையின் எண்ணம்.

தோற்றதால் வழக்கு வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஒரு சந்தேகம் தீர்ந்தது. எந்தச் சொல்லை எந்தப் படியால் அளக்கவேண்டும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. அந்தப் படி பின்னால் வேறு வியாபாரிகளுக்கு உதவியது.

அமெரிக்காவின் தக்காளி

இந்த அளவு முறை புதியதும் அல்ல. அமெரிக்காவில் இதற்கு முன்பே இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது.

அங்கே 1883-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் இருந்து வரும் காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து வரி. பச்சைப் பழத்துக்கு வரி இல்லை. 1886-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து நியூயார்க் துறைமுகத்துக்குத் தக்காளி வந்தது. சுங்க அதிகாரி வரி கேட்டார். வியாபாரிகள் ஆட்சேபம் சொல்லிக்கொண்டே வரியைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்கள்.

"தக்காளி பூவில் இருந்து வருகிறது. உள்ளே விதை இருக்கிறது. தாவர நூல் அதைப் பழம் என்கிறது" என்பது அவர்கள் கட்சி.

1893-ம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "தாவர நூலில் அது பழமாக இருக்கலாம். ஆனால் மக்கள் அதைச் சாப்பாட்டோடு காய்கறியாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பழமாகச் சாப்பிடுவதில்லை" என்பது தீர்ப்பின் சாரம். அங்கேயும் வியாபாரிகளுக்குத் தோல்விதான்.

ஜெயித்த வியாபாரிகள்

வியாபாரி என்றால் தோற்கத்தான் வேண்டுமா? இல்லை. அதே படியால் அளந்து ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் அடுப்புக்கரி விற்ற ஒரு வியாபாரிக்கு வரி அதிகாரிகள் கூடுதல் வரி போட்டார்கள். சட்டத்தில் நிலக்கரிக்குக் குறைந்த வரி இருந்தது. "அடுப்புக்கரி மரத்தை எரித்துச் செய்வது. நிலக்கரி பூமியில் வெட்டி எடுப்பது. இரண்டும் ஒன்றாகுமா?" என்பது சர்க்கார் கட்சி. 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு வியாபாரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விற்கிறவரும் வாங்குகிறவரும் பூமி சாஸ்திரம் பார்ப்பதில்லை. அவர்களுக்கு இரண்டும் கரிதான் என்றது கோர்ட்டு.

மேற்கு வங்காளத்தில் பச்சை இஞ்சி விற்ற ஒருவருக்கு வரி விதித்தார்கள். இஞ்சி காய்கறி அல்ல என்பது அதிகாரிகளின் எண்ணம். ஐகோர்ட்டு வியாபாரியின் பக்கம் நின்றது. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று. 1977-ல் அந்த அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று. இஞ்சியைத் தனியாகச் சமைத்துச் சாப்பிடாவிட்டாலும், ருசிக்காகச் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள். கடையிலும் காய்கறியோடு காய்கறியாக விற்கிறது. ஆகவே அது காய்கறிதான் என்று தீர்ப்பு ஆயிற்று.

ஆந்திராவில் அவலும் பொரியும் விற்றவர்களுக்கு வந்தது இன்னொரு சங்கடம். "அரிசிக்கு உள்ள வரி வேறு. இது அரிசி அல்ல" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1978-ல் ஜெயித்தார்கள். இடித்து அவலாக்கினாலும், வறுத்துப் பொரியாக்கினாலும் அது அரிசியின் வேறு வடிவம்தான் என்பது தீர்ப்பு.

வெற்றிலை தோற்றது. இஞ்சி ஜெயித்தது. ஆனால் அளந்த படி ஒன்றே. கடைத்தெருவில் என்ன பெயர், அடுக்களையில் என்ன வேலை என்பதுதான் அந்தப் படி!

எதிர்த்துக் கேட்பது குற்றமா?

வரி நோட்டீஸை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிறவரை வரி ஏய்ப்பவர் என்று நினைக்கும் வழக்கம் உண்டு. இது தவறு.

வரி ஏய்ப்பவர் கோர்ட்டுக்கு வரமாட்டார். அவர் இரண்டு கணக்கு நோட்டு வைத்திருப்பார். பில் இல்லாமல் விற்பார். வெளிச்சம் அவருக்கு ஆகாது. கோர்ட்டுக்கு வருகிறவர் தம் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு, "இதில் எனக்கு வரி உண்டா?" என்று கேட்கிறார். சட்டத்தை மதிக்கிறவர்தான் சட்டத்திடம் கேள்வி கேட்பார்.

இந்திய அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு ஒரே வாக்கியம்தான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்று அது சொல்கிறது. அதிகாரி நினைத்தால் வரி இல்லை. மந்திரி நினைத்தாலும் வரி இல்லை. சட்டத்தில் இருந்தால்தான் வரி.

இந்தப் பாதுகாப்பு கோடீசுவரருக்கும் உண்டு. கூடையில் வெற்றிலை விற்பவருக்கும் உண்டு.

சர்க்காரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். வரி இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, சாலை இல்லை. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்காவிட்டால் ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் தலையில்தான் சுமை ஏறும். வாங்குகிறவரிடம் வரி என்று சொல்லி வசூல் செய்துவிட்டு, அதைத் தம் பெட்டியில் போட்டுக்கொள்ளும் கடைக்காரருக்கு யாரும் இரக்கம் காட்டவேண்டியதில்லை. வரி தவறு என்று தீர்ப்பு ஆனாலும், பிறரிடம் வாங்கிய வரியைத் தமக்குத் திருப்பித் தரும்படி அவர் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் சொல்லியிருக்கிறது. அது நியாயமே.

ஆனால் ஏமாற்றுகிறவர் வேறு. சந்தேகம் கேட்கிறவர் வேறு. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டக்கூடாது.

அம்பலம் ஏறும் வழி

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது பழமொழி. அதை ஏற வைப்பதற்குத்தான் கோர்ட்டு இருக்கிறது. ஆனால் படிக்கட்டு உயரமாக இருந்தால் ஏழை எப்படி ஏறுவார்?

2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி அமலுக்கு வந்தது. அந்தச் சட்டப்படி வரி உத்தரவு வந்தால் மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்யவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். தகராறில் உள்ள வரியில் நூற்றுக்குப் பத்தை முதலில் கட்டினால்தான் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த அப்பீலிலும் தோற்றால் அடுத்த படி தீர்ப்பாயம். அந்தத் தீர்ப்பாயம் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். சட்டம் வந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அதுவரை முதல் அப்பீலில் தோற்றவர்கள் ஐகோர்ட்டுப் படியைத்தான் ஏறவேண்டி இருந்தது. ஐகோர்ட்டு வக்கீலுக்குக் கொடுக்கும் தொகை சில சமயம் வரியைவிட அதிகமாகிவிடும். கணக்குப் பார்க்கும் சிறு வியாபாரி, "தப்பான வரியாக இருந்தாலும் கட்டிவிடுவோம்" என்று ஒதுங்கிவிடுவார். அப்படி வரும் பணம் சர்க்காருக்கு வருமானமாக இருக்கலாம். நியாயமாக இருக்காது.

பழைய பாக்கி கேட்கும் கஷ்டமும் தீரவில்லை. 2024-25-ம் ஆண்டுக் கணக்கு முதல், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியில் இருந்து 42 மாதம் வரை நோட்டீஸ் அனுப்பலாம். மூன்றரை ஆண்டு! அதற்குள் எத்தனை வாடிக்கைக்காரர்கள் வந்து போயிருப்பார்கள்?

ஆகவே சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று. சட்டத்தில் வரும் பொருளின் பெயரைக் கடைக்காரருக்குப் புரியும் சொல்லில் எழுதவேண்டும். சந்தேகம் வரும் இடத்தில், பழைய பாக்கியைத் தோண்டுவதற்கு முன், இனிமேல் இப்படி என்று தெளிவாக அறிவிக்கவேண்டும். சிறிய தொகை வழக்குகளைச் சீக்கிரம் முடிக்கவேண்டும்.

வியாபாரிகள் செய்யவேண்டியவையும் உண்டு. சிறிய கடையாக இருந்தாலும் பில்லும் கணக்கும் வைத்திருக்கவேண்டும். நோட்டீஸ் வந்தால் பயந்து பெட்டிக்குள் போட்டு மூடக்கூடாது. தேதி தவறினால் நல்ல வழக்கும் கெட்டுவிடும். நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று எழுதியிருக்கிறதா என்று படித்த பிள்ளையைக்கொண்டாவது பார்க்கவேண்டும். பொருளுக்கு வரி உண்டா என்று சந்தேகம் இருந்தால் விற்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குக் கட்டணம், மத்திய, மாநில வரிகளுக்கு 5 ஆயிரம் வீதம், 10 ஆயிரம் ரூபாய். தனி ஒருவருக்கு இது பெரிய தொகைதான். சிறிய கடைக்காரர்களுக்கு இந்தக் கட்டணத்தைக் குறைத்தால், பிறகு கோர்ட்டுக்கு வரும் வழக்குகள் எவ்வளவோ குறையும்.

பெயர் சொல்லிவிட்டால் போதும்

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வரி இல்லாத பொருள்களின் பட்டியல் ஒன்றைச் சர்க்கார் வெளியிட்டது. அதில் பொரி, அவல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதியதோடு நிற்கவில்லை. முரி, சிரா என்று கடைத்தெருக்களில் வழங்கும் பெயர்களையும் சேர்த்து எழுதினார்கள். பச்சை இஞ்சியின் பெயரும் பட்டியலில் இருந்தது.

வெற்றிலையும் இருந்தது! அகோலா வியாபாரிகள் தோற்று 56 ஆண்டுகள் ஆன பிறகு, காய்கறியின் தயவு இல்லாமல், தன் சொந்தப் பெயரிலேயே வெற்றிலை அந்தப் பட்டியலில் இடம் பிடித்தது.

வரி உண்டு என்றால் உண்டு என்று எழுதவேண்டும். இல்லை என்றால் இல்லை என்று எழுதவேண்டும். அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதிவிட்டால், வெற்றிலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு யாரும் டெல்லிக்குப் போகவேண்டியதில்லை.